பாரிஸ்ல ஆறாவது மாடி ரூம் வாங்கலாமா?

கேள்வி: என் மக பிரான்ஸ்ல லியோன் நகரத்துல வேலை பாக்கறா. பாரிஸ்ல மோன்மார்த்ர் பக்கம் ஒரு பழைய கட்டடத்துல ஆறாவது மாடி, 18 சதுர மீட்டர் ஸ்டூடியோ, ஜன்னல்ல நின்னா ஈஃபில் டவர் தெரியுது, விலை 1,70,000 யூரோ. நானும் அவரும் சைட்டை வித்து வாங்கிடலாம்னு இருக்கோம். நாங்க போறப்ப தங்கலாம், மத்த நாள் டூரிஸ்ட்டுக்கு விடலாம், வீடு இருந்தா விசாவும் ஈஸின்னு தெரிஞ்சவர் சொல்றார். மாசக் கடைசிக்குள்ள அட்வான்ஸ் கட்டணுமாம், கட்டலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கட்டாதீங்க சகோதரி. மக இருக்கற நாட்டுல நமக்கும் ஒரு இடம் இருக்கட்டும்னு நினைக்கறது நியாயமான ஆசைதான், ஆனா உங்ககிட்ட சொன்ன கணக்குல பாதி நிக்காது.

விசாவை முதல்ல விட்டுடுங்க, பிரான்ஸ்ல வீடு வாங்கறதால தங்கற உரிமை வராது, சொந்த வீடே இருந்தாலும் ஐரோப்பாவுல பல நாட்டுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுல 180 நாளுக்கு 90 நாள்தான். டூரிஸ்ட் வாடகையும் அப்படித்தான். பாரிஸ்ல ஒருத்தர் நிரந்தரமா குடியிருக்கற வீட்டைத்தான் வருஷத்துக்கு 90 நாள் வரை அப்படி விடலாம், 2025க்கு முன்னாடி அது 120 நாளா இருந்துச்சு. உங்களோடது ரெண்டாவது வீடு, அதுக்கு நகராட்சியோட தனி அனுமதி வேணும், கிடைக்கறது குதிரைக்கொம்பு, மீறினா அபராதம் 1,00,000 யூரோ வரைக்கும் போகும். இது போக ரெண்டாவது வீட்டுக்குக் குடியிருப்பு வரி உண்டு, பாரிஸ் அதுமேல 60 சதவீதம் கூடுதலா போடுது, சொத்து வரி தனி.

இப்ப அந்த ரூமுக்கு வர்றேன். பாரிஸ் பழைய கட்டடங்கள்ல கடைசி மாடி அந்தக் காலத்துல வேலைக்காரங்க தங்கின இடம், கூரை சரிவா இறங்கும், மேல துத்தநாகத் தகடு, வெயில் காலத்துல உள்ள கொதிக்கும், லிஃப்ட் பல கட்டடத்துல அந்த மாடிக்கு வரவே வராது, உங்களுக்கு முட்டி எப்படின்னு யோசிச்சுக்கோங்க. விளம்பரத்துல போட்ட 18 சதுர மீட்டர் எந்த அளவுன்னு கேளுங்க, ஏன்னா அங்க "கரே" அளவுன்னு ஒண்ணு இருக்கு, 1996ல வந்த சட்டம், 1.80 மீட்டருக்குக் கீழ கூரை இறங்கற இடத்தை அதுல சேர்க்கக் கூடாது, தரையை அளந்தா 18 வர்ற ரூம் கரே கணக்குல 11 கூட ஆகலாம், அப்ப நீங்க கொடுக்கற சதுர மீட்டர் விலை எங்கயோ போயிடும். பத்திரத்துல எழுதின கரே அளவைவிட நிஜ அளவு 5 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா ஒரு வருஷத்துக்குள்ள விலையைக் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம். வீடு எவ்வளவு எனர்ஜி இழுக்குதுன்னு சொல்ற ரேட்டிங் A-லேருந்து G வரை இருக்கும், G தான் ரொம்ப மோசம், அதையும் பாருங்க, G வீட்டை 2025லேருந்து புதுசா வாடகைக்கு விட முடியாது, F வீட்டுக்கு அது 2028லேருந்து.

எல்லாத்துக்கும் மேல நான் பாக்கச் சொல்றது அந்தக் கட்டடத்தோட கடைசி மூணு வருஷ ஓனர்ஸ் மீட்டிங் மினிட்ஸ். கூரை மாத்தறது, முகப்பு சரி பண்றதுன்னு ஏற்கெனவே ஓட்டு போட்டு முடிவு பண்ணியிருந்தா, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, பணம் கட்டச் சொல்ற தேதியில யார் ஓனரோ அவங்க தலையிலதான் விழும். டவர் வியூவுக்கு ஆசைப்பட்டு வாங்கின அடுத்த மாசமே கூரைக்கு ஆயிரக்கணக்குல யூரோ கட்டச் சொல்லி லெட்டர் வந்தா என்ன பண்ணுவீங்க? மகளுக்கு பிரெஞ்சு தெரியும்ல, அவளையே உக்காந்து வரிவரியா படிக்கச் சொல்லுங்க.

அந்த அட்வான்ஸ் விஷயம் எனக்குப் பிடிக்கவே இல்ல. வாங்கறேன்னு ஆஃபர் மட்டும் எழுதிக் கொடுத்துட்டு அதுக்குப் பணம் வாங்கறது அங்க சட்டப்படி செல்லாது. முறையா நடக்கறது எப்படின்னா, முன் ஒப்பந்தம் கையெழுத்தாகும், அப்ப 5லேருந்து 10 சதவீதம் டெபாசிட், வழக்கமா அது நோத்தேர், அதாவது பத்திரம் எழுதற அங்கத்த சட்ட அதிகாரி, அவரோட அக்கவுண்டுக்குத்தான் போகும், விக்கறவர் கைக்கு இல்ல. அதுக்கப்புறமும் 10 நாளுக்குள்ள காரணமே சொல்லாம நீங்க விலகலாம், டெபாசிட் முழுசா திரும்பி வரும். நோத்தேரை நீங்களே தனியா வெச்சுக்கலாம், அதனால ஃபீஸ் அதிகமாகாது, ரெண்டு நோத்தேரும் அதையே பிரிச்சுக்குவாங்க. வரியும் செலவும் சேர்த்து விலைமேல 8 சதவீதம் பக்கம் ஆகும், உங்களுக்கு 13,000 யூரோவுக்கு மேல.

இங்கேருந்து பணம் அனுப்ப ஒருத்தருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை ரிசர்வ் பேங்க் விடுது, 10 லட்சம் ரூபாய் தாண்டினா தாண்டின தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பறப்பவே முன்கூட்டி வாங்கற வரி, பிடிப்பாங்க, ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், ஆனா அதுவரைக்கும் அந்தப் பணம் முடங்கும், அதுக்கும் சேர்த்து கையில வேணும். வருஷா வருஷம் அந்த வீட்டை ரிட்டர்ன்ல காட்டணும், மறந்தா அபராதம் 10 லட்சம்.

என்னைக் கேட்டா பாரிஸை விட்டுட்டு லியோனைப் பாருங்க. அங்க நிரந்தர வேலைன்னா மக பேர்லயே நிலையான வட்டியில 20, 25 வருஷ லோன் கேட்டுப் பாக்கலாம், அவ குடியிருக்கற வீடுன்னா அந்தக் குடியிருப்பு வரியும் கிடையாது. அவ லியோன்ல இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போறான்னு முதல்ல அவகிட்ட கேட்டுட்டு, அப்புறம் சைட்டை விக்கறதைப் பத்திப் பேசுங்க.