பெண் பெயர்களின் பொருள் தளத்துக்குத் தளம் ஏன் மாறுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி: "பெண் குழந்தைக்கு மாயா, நாடியா, ஜெசிகா, நிகிதா என்று நான்கு பெயர்களை எடுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு பொருள் போட்டிருக்கிறது. எதை நம்புவது? இவை உண்மையில் எங்கிருந்து வந்த பெயர்கள்?"

இதே குழப்பத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். அக்காவுக்குப் பெண் பிறந்தபோது பெயர் தேடும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். ஒரு பட்டியலில் "நாடியா: நம்பிக்கை" என்று பார்த்ததும் சொன்னேன், வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. நாலு நாள் கழித்து மாமா இன்னொரு பட்டியலைக் கொண்டுவந்து, "இதில் அழைப்பவள் என்று போட்டிருக்கிறதே" என்றார். மூன்றாவதாக ஒன்றில் "பனியின் ஈரம்" என்று இருந்தது. அன்றிலிருந்து பெண் பெயர்களின் பூர்வீகத்தைத் தோண்டுவது எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

நாடியாவிலிருந்தே தொடங்கலாம். அந்த மூன்று பட்டியலும் பொய் சொல்லவில்லை. ரஷ்ய மொழியில் நதேஷ்தா என்றால் நம்பிக்கை, அதாவது நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்கும் நம்பிக்கை. அந்தப் பெயரை வீட்டில் செல்லமாகச் சுருக்கினால் நாத்யா. அரபியில் "நாதியா" என்றால் அழைப்பவள். அதே அரபியில் சற்றே வேறு எழுத்துகளில் எழுதும் "நதிய்யா" என்பதற்குப் பனியால் நனைந்தவள், ஈகைக் குணம் உள்ளவள் என்று பொருள். வெவ்வேறு சொற்களிலிருந்து பிறந்த பெயர்கள் வேறு எழுத்துக்கு மாறும்போது ஒரே ஒலியாகிவிடுகின்றன, பட்டியல் போடுகிறவர் எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டிவிடுகிறார், அவ்வளவுதான். நதேஷ்தாவுக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. சோஃபியா என்ற தாய்க்கு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று மகள்கள் இருந்ததாகவும், மூவரும் மதத்துக்காக உயிர்விட்டதாகவும் கிறிஸ்தவ மரபு சொல்கிறது. கிரேக்கத்தில் பிஸ்திஸ், எல்பிஸ், அகாபே என்றிருந்த மகள்களின் பெயர்கள் ஸ்லாவிய மொழிக்குப் போனபோது வேரா, நதேஷ்தா, ல்யூபோவ் என்று மொழிபெயர்ந்தன. தாயின் பெயர் மட்டும் கிரேக்கச் சொல்லாகவே தங்கிவிட்டது. சோஃபியா என்றால் ஞானம். சோனியா என்பதும் அதன் செல்லச் சுருக்கம்தான். இங்கே சிலர் அதை இந்தியில் பொன்னைக் குறிக்கும் "சோனா"வோடு சேர்த்துச் சொல்கிறார்கள், ஒலி ஒத்துப்போவதால் வந்த விளக்கம் அது.

உங்கள் பட்டியலில் இருக்கும் மாயாவும் இதே மாதிரிதான். சமஸ்கிருதத்தில் மாயை என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் வேத காலத்தில் அந்தச் சொல்லுக்குப் படைக்கும் ஆற்றல், அற்புத வல்லமை என்ற பொருளும் இருந்தது. புத்தரின் தாய்க்கும் அதே பெயர். கிரேக்கப் புராணத்தில் மாயா என்பவள் ஹெர்மிஸின் தாய், நம் கார்த்திகைப் பெண்களாகிய விண்மீன் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. இஸ்ரேலில் மாயா என்று பெயர் வைப்பவர்கள் எபிரேயத்தில் தண்ணீரைக் குறிக்கும் "மயிம்" என்ற சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இவை எதற்கும் சம்பந்தமில்லாத இன்னொரு மாயாவும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் மாயா ஆஞ்சலூவின் இயற்பெயர் மார்கரீட். சின்ன வயதில் அவருடைய அண்ணன் "என்னுடைய தங்கை" என்று ஆங்கிலத்தில் மழலையாகச் சொன்னதே மாயா ஆகி நிலைத்துவிட்டது. நான் படித்த பெயர்க் காரணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. எந்த அகராதியைப் புரட்டினாலும் அவருடைய பெயரின் பொருள் கிடைக்காது, அந்த அண்ணன் தங்கைக்கு மட்டுமே அது தெரியும்.

மார்கரீட் என்பதும் லேசான பெயர் இல்லை. கிரேக்கத்தில் மார்கரீதேஸ் என்றால் முத்து, கிரேக்கர்களுக்கே அந்தச் சொல் ஈரானிய மொழிப் பக்கமிருந்து வந்தது. மார்கரெட், கிரேட்டா, கிரெட்சன், பெகி, வேல்ஸ் நாட்டு மேகன் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. நமக்குப் பழக்கமான ரீட்டாவும் மார்கரீட்டாவின் வால் பகுதிதான். எத்தனை ரீட்டாக்களுக்குத் தங்கள் பெயர் முத்து என்று தெரிந்திருக்கும்?

நிகிதாவுக்கு வருகிறேன். ரஷ்யாவில் இது ஆண் பெயர், சோவியத் தலைவர் குருஷேவின் பெயரே நிகிதாதான். கிரேக்கத்தில் வெற்றியைக் குறிக்கும் "நீகே" என்ற சொல்தான் அதன் வேர். ரஷ்யாவில் இல்யா, சாஷா, மிஷா என்று ஆகாரத்தில் முடியும் ஆண் பெயர்கள் நிறைய உண்டு. நமக்கோ சீதா, ராதா, லதா என்று கேட்டுப் பழகிய காதுக்கு ஆகாரம் என்றாலே பெண்தான். இந்தியாவில் நிகிதா பெண்ணாகவே இருக்கிறாள். சமஸ்கிருதத்தில் "நிகேதம்" என்றால் வீடு என்று சொல்லி அதோடு சேர்த்து விளக்குபவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியில் ஆண்ட்ரியா ஆண் பெயர், ஜெர்மனியில் பெண் பெயர். ஆஷ்லி, பெவர்லி, ஈவ்லின் எல்லாம் முன்பு இங்கிலாந்தில் ஆண்களுக்கும் இருந்தவை. ஆகவே நிகிதா என்று வைப்பதில் தவறே கிடையாது, மகள் பின்னால் ரஷ்யாவுக்குப் போனால் அங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வையுங்கள்.

ஜெசிகா இலக்கியத்தில் பிறந்த பெயர். இந்த வடிவில் அதை முதலில் ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில்தான் பார்க்கிறோம், 1590களில் எழுதியது. பைபிளின் ஆதியாகமத்தில் ஒரே ஒரு இடத்தில் வந்துபோகும் இஸ்காள் என்ற பெயரிலிருந்து அவர் எடுத்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. நாடகத்தில் அவள் வட்டிக்குக் கடன் கொடுப்பவரின் மகள். "ஜெசிகா: செல்வம் மிக்கவள்" என்று தளங்களில் போடுவது பெரும்பாலும் அந்தக் கதாபாத்திரத்திலிருந்து வந்ததே தவிர, சொல்லிலிருந்து வந்ததில்லை. இதைவிட மோசம் வனெஸ்ஸா. பாதித் தளங்களில் "பட்டாம்பூச்சி" என்றிருக்கும். உண்மையில் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் தன் தோழி எஸ்தர் வனோம்ரியின் குடும்பப் பெயரிலிருந்து "வன்", எஸ்தரிலிருந்து "எஸ்ஸா" என்று ஒட்டி உருவாக்கிய பெயர் அது. அந்தப் பெயரை வைத்து அவர் எழுதிய கவிதை 1726இல் அச்சானது. 1807இல்தான் ஃபாப்ரிஸியஸ் என்ற பூச்சியியல் அறிஞர் ஒரு பட்டாம்பூச்சி இனத்துக்கு வனெஸ்ஸா என்று பெயர் வைத்தார். பெண் பெயர் முதலில் வந்தது, பூச்சி பின்னால் வந்தது, பட்டியல்காரர்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள்.

சரி, வேர்ச்சொல்லைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் பெயரின் பொருள் கிடைத்துவிடுமா? பல நேரம் கிடைக்காது. டொலோரெஸ் என்ற ஸ்பானிய பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குப் பொருள் துயரங்கள். எந்தத் தாயாவது மகளுக்குத் துயரம் என்று பெயர் வைப்பாளா? முழுப்பெயர் மரியா டி லோஸ் டொலோரெஸ், தமிழ்க் கத்தோலிக்கர்கள் வியாகுல மாதா என்கிறார்களே, அதேதான். சோலெதாத் (தனிமை), பிலார் (தூண்) எல்லாமும் இப்படி மாதாவின் பட்டங்களிலிருந்து உதிர்ந்தவை. தமிழில் ஆரோக்கிய மேரி, சகாய மேரி என்று வருவதும் இதே வழிதான். மெர்சிடிஸ் என்பதும் இப்படி வந்த பெயர், அருள்கள், இரக்கங்கள் என்று பொருள். எமில் யெலினெக் என்ற கார் வணிகர் தன் மகளை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்; டைம்லர் நிறுவனம் அதை 1902இல் வணிக முத்திரையாகப் பதிவு செய்தது.

அரபியில் கதீஜா என்றால் குறைமாதத்தில் பிறந்தவள். ஃபாத்திமா, பால்குடி மறக்கடிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இன்று இந்தப் பெயர்களை வைக்கிற யாரும் அந்தச் சொற்களை நினைத்து வைப்பதில்லை, நபியின் மனைவியையும் மகளையும் நினைத்துத்தான் வைக்கிறார்கள்.

அப்புறம், பெண்ணுக்கென்று தனியாகப் பெயரே வைக்காத இடங்களும் உண்டு. பழைய ரோமில் ஜூலியா, கொர்னீலியா, கிளாடியா எல்லாம் குலப் பெயரின் பெண்பால் வடிவங்கள். ரோமின் பேச்சாளர் சிசரோ துல்லியஸ் குலத்தவர், எனவே மகள் துல்லியா. தளபதி மார்க் ஆண்டனிக்கு மனைவி ஒக்டேவியா வழியாகப் பிறந்த இரண்டு மகள்களும் அந்தோனியாதான். மூத்தவள், இளையவள் என்று அடைமொழி வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் நம் பக்கம் திரும்பிப் பார்த்தேன். திரௌபதி துருபதனின் மகள், ஜானகி ஜனகனின் மகள், மைதிலி மிதிலைக்காரி, கைகேயி கேகய நாட்டுக்காரி, காந்தாரி காந்தார நாட்டுக்காரி. திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று சொந்தமாக ஒரு பெயர் இருந்தது, கருநிறத்தாள் என்று பொருள், அதை இன்று யார் சொல்கிறார்கள்? சீதைக்கு மட்டும் அவள் கிடைத்த உழவுசாலே பெயராக நிலைத்தது.

கானாவின் அகான் மக்களிடம் ஆண் பெண் இருவருக்குமே பிறந்த கிழமை பெயராகும். திங்களில் பிறந்தவள் அட்வோவா, வெள்ளியில் பிறந்தவள் அஃபுவா, சனியில் பிறந்தவள் அமா, ஞாயிறு என்றால் அகோசுவா. 1900இல் ஆங்கிலேயருக்கு எதிரான போருக்குத் தலைமை தாங்கிய யா அசந்தேவா வியாழக்கிழமை பிறந்தவர், "யா" என்பது அதுதான்.

இதில் ஒரு கசப்பான பகுதியும் இருக்கிறது, அதைத் தாண்டிப்போக மனம் வரவில்லை. சீனத்தில் ஜாவ்தி என்றொரு பெண் பெயர், "தம்பியை அழைத்து வா" என்று பொருள். துருக்கியில் யெட்டெர், "போதும்". கசாக் மொழியில் உல்போல்சின், "ஆணாகட்டும்". தமிழில் போதும்பொண்ணு. மராட்டியில் நகுசா, "வேண்டாதவள்". ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகள், ஆனால் ஒரே ஏக்கத்தை அந்தக் குழந்தையின் தலையில் கட்டி, வாழ்நாள் முழுக்க அதற்கு "ஏன்" என்று திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறார்கள். 2011இல் மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் இப்படிப் பெயர் வைக்கப்பட்டிருந்த 285 பெண்களுக்கு விழா எடுத்துப் புதுப்பெயர் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

மனத்துக்கு இதமான பக்கமும் உண்டு. ஒரே எண்ணம் எத்தனை மொழிகளில் பெண்ணுக்குப் பெயராகியிருக்கிறது என்று பார்ப்பது எனக்குத் தீராத ஆசை. எபிரேயத்தில் ஏவாள் என்றால் உயிர். ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அவளுக்குப் பெயர் சூட்டும் இடத்தில் ஸோயி என்றே எழுதினார்கள், அதற்கும் உயிர் என்றுதான் பொருள். அரபியில் ஆயிஷா, வாழ்பவள். ஆக ஏவாள், ஸோயி, ஆயிஷா மூவரும் ஒரே பொருளில் வந்து சேர்கிறார்கள். தேனீயைக் கேட்டால் எபிரேயத்தில் டெபோரா, கிரேக்கத்தில் மெலிஸ்ஸா. ஒளியைக் கேட்டால் லத்தீனில் லூசியா, அரபியில் நூர், இந்திய மொழிகளில் ஜோதி, ரஷ்யனில் ஸ்வெட்லானா. ஸ்வெட்லானா பார்க்கப் பழைய பெயர்போல இருக்கும், ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர்களிடமிருந்து வந்தது அது. ஷுகோவ்ஸ்கியின் கதைப்பாடல் 1813இல் வெளியான பிறகுதான் பரவியது.

ஜப்பானியப் பெயர்களை மட்டும் ஒலியை வைத்துத் தேடவே தேடாதீர்கள். யோகோ என்று எழுதி "என்ன பொருள்" என்று கேட்டால், "எந்த எழுத்தில்?" என்று திருப்பிக் கேட்பார்கள். கடைசியில் வரும் "கோ" குழந்தை. முதல் எழுத்தை ஒரு மாதிரி எழுதினால் கடலின் குழந்தை, வேறு மாதிரி எழுதினால் சூரியனின் குழந்தை. பாடகி யோகோ ஓனோ கடல்.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். பொருளை மட்டும் போட்டு, எந்த மொழி, எந்தச் சொல் என்று சொல்லாத பட்டியலை நம்பாதீர்கள். பெயரை அதன் சொந்த எழுத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள், நாடியா மாதிரிக் குழப்பங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். "இளவரசி", "அழகி", "தேவதை" என்று எல்லாப் பெயருக்கும் எழுதிவைத்திருக்கும் தளத்தை அப்போதே மூடிவிடலாம். ஒரு பெயருக்கு இரண்டு பூர்வீகம் இருந்தால் அதைக் குறையாகவும் நினைக்க வேண்டாம், உங்களுக்கு எது வேண்டுமோ அதைச் சொல்லி வையுங்கள்.

நான்கில் ஒன்றை எடு என்று என்னைக் கேட்டால் மாயா அல்லது நாடியா என்பேன். அக்கா மகளுக்கு நாங்கள் கடைசியில் நாடியா என்றே வைத்துவிட்டோம். அவளுக்கு இப்போது ஏழு வயது. மூன்று பொருளையும் சொல்லி எது உன்னுடையது என்று கேட்டேன். பனி ஈரம்தான் வேண்டும் என்றாள், யாராவது கேட்டால் அதைத்தான் சொல்கிறாள்.