ஜிங்க் மாத்திரை போட்டால் மறதி போகுமா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஒரு வருடமாக மறதி. தெரிந்தவர் பெயர்கூட தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. மூளையில் செய்தி கடத்தத் துத்தநாகம் தேவை என்று படித்துவிட்டு, ஐந்து மாதமாக நானாகவே தினமும் இரண்டு ஜிங்க் மாத்திரை போடுகிறேன். அட்டையில் ‘எலிமென்டல் ஜிங்க் 50 மி.கி.’ என்று இருக்கிறது. பெரிய மாற்றம் இல்லை. மூன்றாகக் கூட்டலாமா? கொஞ்ச நாளாகக் கால் விரல்களில் மதமதப்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். சம்பந்தம் இருக்கலாம். கூட்ட வேண்டாம், இருப்பதையும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. நம் நரம்பு செல்களில் சில, குளுட்டமேட் என்ற ரசாயனத்தைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி வைத்திருக்கும். அந்தப் பைக்குள் துத்தநாகத்தையும் ஏற்றி வைக்க ஒரு தனிப் புரதமே இருக்கிறது. செய்தி வரும்போது பை உடைந்து இரண்டும் சேர்ந்தே வெளியே கொட்டும். குளுட்டமேட் அடுத்த செல்லை உசுப்பும். துத்தநாகமோ அந்த செல்லில் செய்தியை வாங்கும் என்எம்டிஏ ஏற்பி என்ற புரதத்தில் போய் ஒட்டி, உசுப்பலைக் கொஞ்சம் அடக்கும். அதாவது அது பெரும்பாலும் பிரேக் வேலை பார்க்கிறது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் இந்தப் பைகள் ஏராளம். துத்தநாகத்தைப் பைக்குள் ஏற்றும் அந்தப் புரதம் இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகள் இளசாக இருக்கும்வரை நன்றாகவே இருந்தன. வயது ஏறியதும் நினைவுச் சோதனைகளில் தடுமாறின.

சரி, இல்லாவிட்டால் கெடுதல் என்றால் கூடுதலாகப் போட்டால் நல்லதுதானே? இங்கேதான் கணக்கு தப்புகிறது. மூளை தன் துத்தநாகத்தை மிகக் கறாராக அளந்து வைத்துக்கொள்கிறது. பெரும்பகுதியைப் புரதங்களோடு பிணைத்தே வைத்திருக்கும். நீங்கள் விழுங்குவது நேராக அந்தப் பைகளுக்குள் போய்விடாது. போகாததும் நல்லதுதான். பக்கவாதத்தின்போது கட்டவிழ்ந்த துத்தநாகம் நரம்பு செல்களுக்குள் புகுந்து அவற்றைச் சாகடிப்பதில் பங்கு வகிக்கிறது.

ஆனால் குடலில் அந்த மாத்திரை சும்மா இருப்பதில்லை. துத்தநாகம் அதிகமானால் குடல் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைத் தமக்குள் நிறைய உண்டாக்கும். அது செம்பைக் கண்டால் விடாது, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் அந்த செல்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். வில்சன் நோய் என்று ஒன்று உண்டு, உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோய். அதற்கு ஜிங்க்தான் ஒரு மருந்து. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு என்ன தெரியுமா? 50 மி.கி., தினம் மூன்று வேளை. செம்பை வெளியேற்ற நாங்கள் எழுதிக் கொடுக்கும் அந்த அளவைத்தான் நீங்கள் மறதிக்காகக் கேட்கிறீர்கள்!

ஒரு நாளைக்கு ஆணுக்கு 11 மி.கி., பெண்ணுக்கு 8 மி.கி. போதும். 40 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் உச்சவரம்பு. நீங்கள் போடுவது 100. செம்பு வற்றினால் ரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் குறையும், தண்டுவடம் பழுதாகும். காலில் மதமதப்பு, இருட்டில் நடந்தால் தள்ளாட்டம் என்று பி12 குறைபாடு மாதிரியே இருக்கும். ரத்தம் சீக்கிரம் தேறிவிடும். நரம்பு பல சமயம் முழுதாகத் தேறாது. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

நிஜமாகவே துத்தநாகம் குறைந்தவர்கள் உண்டு: நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குடல் நோய், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை, தொடர்ந்த குடிப்பழக்கம். நாக்கில் ருசி தெரியாது, முடி கொட்டும், புண் ஆறாது, மனமும் சோர்ந்து கிடக்கும். அவர்களுக்கு இதே மாத்திரை வேலை செய்யும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். செம்பு, செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம்), ரத்த அணுக்களின் எண்ணிக்கை, பி12, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் மட்டும் சட்டென்று வராமல் பிறகு ஞாபகம் வருகிறது என்றால், இந்த வயதில் தூக்கக்குறைவும் மனஅழுத்தமும்தான் நான் முதலில் சந்தேகிப்பவை. பழகிய வழி தப்புகிறது, கேட்டதையே திரும்பக் கேட்கிறீர்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால் நரம்பியல் நிபுணரிடம் போக வேண்டும்.

போகும்போது ஜிங்க் அட்டையோடு, தூக்கத்துக்கோ அலர்ஜிக்கோ ஏதாவது போட்டால் அதையும் கொண்டுபோங்கள். அவற்றில் சில மறதி தரும். சத்து மாத்திரை டப்பா இருந்தால் அதுவும். அப்புறம், பல்செட் கட்டியிருந்தால் ஒட்டும் பசையின் பெயரையும் சொல்லுங்கள். சில பசைகளில் துத்தநாகம் உண்டு, அதை அளவில்லாமல் பூசியே செம்பு வற்றிப்போனவர்கள் இருக்கிறார்கள்.