கையுறையை எப்போது போடுவது, எப்போது கழற்றுவது?

கேள்வி: பத்து வருடப் பழைய கார் வைத்திருக்கிறேன். ஆயில், பிரேக் பேட் மாற்றுவது, பேட்டரி பார்ப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் நானே செய்துகொள்கிறேன். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது என்கிறார் மனைவி. எங்கள் மெக்கானிக்கோ முப்பது வருடமாக வெறுங்கையோடுதான் வேலை பார்க்கிறார். எதெல்லாம் உண்மையில் தேவை? (வாசகர், திருச்சி)

பதில்: மனைவி சொல்வதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசி என்னவென்றால், சில வேலைகளில் கையுறையே ஆபத்து.

முதலில் கண்ணாடி. வண்டிக்கடியில் மல்லாந்து படுத்ததுமே துருவும் மண்ணும் நேராகக் கண்ணில்தான் விழும். பவர் கண்ணாடி போட்டிருக்கிறேன், அது போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது; மேலேயும் பக்கவாட்டிலும் திறந்துதான் இருக்கிறது. பக்கங்களை மூடிய, ஈஎன் 166 தரக்குறியீடு உள்ள பாதுகாப்புக் கண்ணாடி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. பிரேக் ஆயிலோ பேட்டரி ஆசிடோ கண்ணில் பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள், அப்புறம் டாக்டர். வேலை தொடங்கும்போதே ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஆயில் மாற்றும்போது நைட்ரைல் (எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்) கையுறை. மருந்துக் கடையில் கிடைக்கும் லேடெக்ஸ் கையுறை, ஆயில் பட்டால் ஊறித் தளர்ந்துவிடும். எஞ்சினில் ஓடித் தேய்ந்த ஆயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் சேர்கின்றன. ஒருநாள் கையில் பட்டதால் ஒன்றும் ஆகிவிடாது. வருடக்கணக்கில் தோலில் ஊறுவதுதான் பிரச்சினை. உங்கள் மெக்கானிக் கவலைப்பட வேண்டியதும் அதற்குத்தான். வேலை முடிந்து பெட்ரோலில் கை கழுவும் பழக்கம் அதைவிட மோசம். அது தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையே உரித்துவிடும். சோப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இனி கழற்ற வேண்டியவை. எஞ்சின் ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் கை போகிறதென்றால் கையுறை வேண்டாம். துணிக் கையுறை ஒரு நூல் சிக்கினாலும் விரலோடு இழுத்துக்கொள்ளும். லுங்கி, துண்டு, தொங்கும் சட்டைக்கை எல்லாம் இதே கணக்குதான். சில கார்களில் எஞ்சினை அணைத்த பிறகும், சூடு இருந்தால் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், மறந்துவிடாதீர்கள்.

பேட்டரி வேலைக்கு முன் மோதிரம், வாட்ச், காப்பு மூன்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதே என்பார்கள். ஷாக் அடிக்காதுதான். ஆனால் பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே மோதிரமும் ஸ்பேனரும் மாட்டினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஓரிரு நொடியில் மோதிரம் பழுத்து விரலைச் சுட்டுவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாடியே நெகட்டிவ் என்பதால், இந்த வரிசையில் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய பேடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம்; பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். முகத்தில் குறைந்தது என்95 முகக்கவசமாவது இருக்கட்டும், கல்நார்த் தூசிக்கு அது போதாது என்றாலும். கொரோனா காலத்து மிச்சம் இருந்தால் அதன் ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று: அது தூசிக்குத்தான். கிளீனர் ஸ்ப்ரேயின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் காற்றோட்டமான வாசலே போதும்.

ரப்பர் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்க எந்தக் கையுறையும் உதவாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் மூடி திறந்த கணமே கொதித்துப் பீய்ச்சும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் (ரப்பர் குழாய்) கையால் தயங்காமல் பிடிக்க முடிகிற வரை காத்திருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள். அது டயர் மாற்றத்தான். பாதுகாப்புச் சாமான் வாங்கப் பணம் ஒதுக்கினால், முதல் செலவு, தூக்கிய வண்டியைத் தாங்கச் சமதரையில் நிறுத்தும் ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு (இரும்புத் தாங்கி); கண்ணாடி இரண்டாவது.