கோடை இரவுச் சாப்பாடு: அட்டவணை வேண்டாம், மாவுப் பாக்கெட்டும் வேண்டாம்

கேள்வி: திருச்சி உறையூரில் இருக்கிறோம். நான் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிவிடுகிறது. வீட்டில் கணவர், பத்து வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் மாமனார். பங்குனி பிறந்ததிலிருந்து இரவில் அடுப்படியில் நிற்கவே முடியவில்லை. வீட்டில் அரைக்கும் மாவு இரண்டாம் நாளே புளித்துவிடுவதால் கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறேன். காலையிலேயே சமைத்து இரவுக்கும் வைத்துக்கொள்ளலாமா? ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவோம்; அதை மறுநாளுக்கு வைக்கலாமா? ஏப்ரல், மே மாதங்களுக்குச் சுலபமான இரவு உணவு அட்டவணை ஒன்று தர முடியுமா?

பதில்: அட்டவணை தரப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். திங்கள் இட்லி, செவ்வாய் சப்பாத்தி என்று ஏழு கட்டம் போட்டுத் தருவது பெரிய வேலையில்லை. செவ்வாய்க்கிழமை மாலை மின்சாரம் போய்விட்டால் அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? வாட்ஸ்அப்பில் பணம் வாங்கிக்கொண்டு ‘டயட் சார்ட்’ அனுப்புகிறவர்கள் இப்போது தெருவுக்குத் தெரு முளைத்திருக்கிறார்கள். உறையூரில் இருப்பவருக்கும் துபாயில் இருப்பவருக்கும் ஒரே தாள்தான். அதில் ஓட்ஸ் இருக்கும், அவகாடோ இருக்கும், புடலங்காய் இருக்காது.

உங்களுக்குச் சமைக்கத் தெரியும். இரவு ஏழு மணிக்கு மேல் அடுப்பு எவ்வளவு நேரம் எரியலாம் என்பதை மட்டும் முடிவு செய்துகொள்வோம். இருபது நிமிடம். அதற்குள் முடியாத எதுவும் மே மாதம் முடியும் வரை வேண்டாம். சப்பாத்தி இதிலேயே அடிபட்டுப் போகிறது. ஐந்து பேருக்குத் தோசை வார்ப்பதும் அப்படித்தான். இட்லி தப்பித்துக்கொள்கிறது; அடுப்பில் ஏற்றிவிட்டு நீங்கள் காற்றாடிக்குக் கீழே போய் உட்காரலாம். அடை வேண்டும் என்று யாராவது கேட்டால், கல்லின் முன்னால் உங்கள் கணவர் நிற்கட்டும். உங்கள் கடிதத்தில் அவர் இருக்கிறார், அவர் செய்யும் வேலை ஒன்றைக்கூடக் காணோம்.

இனி காலைச் சமையல். குழம்பு, ரசம், பருப்பு ஆகியவற்றைத் தாராளமாகக் காலையிலேயே செய்யலாம். ஆனால் ‘மதியம் ஒரு கொதி, இரவு ஒரு கொதி’ என்று மேடையிலேயே வைத்திருந்த பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாட்டி பகலெல்லாம் வீட்டில் இருந்தார், கொதிக்க வைத்தார். நீங்கள் எட்டரை மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள். ஏப்ரலில் திருச்சியின் பகல் 38 டிகிரியைத் தொடும். பூட்டிய சமையலறையும் சுடும். கிருமிகள் பெருகுவதற்கு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை வசதியான சூடு. 38 அவற்றுக்குத் தலைவாழை விருந்து. ஆகவே இரவுக்கானதைத் தனியே எடுத்து, அகலமான பாத்திரத்தில் ஊற்றி, அந்தப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்து ஆறவிடுங்கள். குளித்துக் கிளம்புவதற்குள் ஆறிவிடும்; மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரவில் ஓரத்தில் குமிழ் விட்டால் போதாது, நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும்.

சோறு மட்டும் காலையில் வடித்தது இரவுக்கு வேண்டாம். அரிசியோடு வரும் ஒரு வகைக் கிருமியின் வித்து கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அது முளைத்து நஞ்சைக் கக்குகிறது. பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் கிருமி சாகும், கக்கிய நஞ்சு அப்படியே இருக்கும். ‘பழைய சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்’ என்பீர்கள். அது தண்ணீரில் மூழ்கி, இரவின் குளுமையில் புளித்து, விடிந்ததும் உண்ணப்பட்டது. பகல் முழுதும் மூடி வெந்த சோறு வேறு சாமான். இரவில் குக்கரில் புதிதாக வைத்தால் கால் மணி நேரம்தான் ஆகிறது.

குழம்பு தாங்கும் என்றேன். தேங்காய் அரைத்துவிட்டது தாங்காது. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கோடையில் வரும் வயிற்றுக் கோளாறுக் கடிதங்களில் பாதிக்கு மேல் தேங்காய்தான் இருக்கிறது. கூட்டு, அவியல், குருமா, மோர்க்குழம்பு எல்லாம் இதில் அடக்கம். ‘தேங்காயை வறுத்து அரைத்தேனே’ என்று கேட்பார்கள். வறுக்கும்போது ஈரம் போகிறது, உண்மைதான். குழம்பில் கரைத்ததும் ஈரம் திரும்பிவிடுகிறது. பொரியலின் மேல் ஒரு பிடி துருவல்தானே தூவினேன் என்பார்கள். அந்த ஒரு பிடி போதும். புளி சேர்த்த தேங்காய்க் குழம்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் கெடாது. இரவில் கொதிக்க வைக்கும்போது திரிந்துவிடும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். இதற்கு வழி ஒன்றுதான். காலையில் காய், பருப்பு, மசாலா வரை செய்து, தேங்காய் சேர்க்கும் முன்பே இரவின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தேங்காயைத் துருவி, சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் போட்டால் வாரம் முழுதும் இருக்கும். இரவில் ஒன்றை எடுத்து அரைத்து ஊற்றினால் ஐந்து நிமிட வேலை.

இப்போது மாவு. கடையில் வாங்கும் அந்தப் பாக்கெட்டை இன்றைக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பொட்டலம் கட்டி விற்கும் உணவில் என்ன பொருள், எவ்வளவு எடை, யார் தயாரித்தது, எந்த முகவரி, என்று தயாரித்தது, எதற்குள் பயன்படுத்த வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் என்ன என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் தெருமுனைக் கடைப் பாக்கெட்டில் இருப்பது ஒரு ரப்பர் வளையம். நல்ல அச்சுப் பையில் வருவதிலும் தேதி இருக்க வேண்டிய இடத்தில் நீல மைக் கறைதான் இருக்கும். தயாரிப்பவர், விநியோகிப்பவர், கடைக்காரர் என்று மூன்று கை மாறி வருகிறது. நடுவில் இருக்கும் கைதான் என் கவலை. விற்காமல் திரும்பி வந்த மாவு எங்கே போகிறது என்று அந்தக் கையைக் கேளுங்கள், பதில் வராது. புளித்த மாவில் ஆப்ப சோடாவும் கொஞ்சம் புது மாவும் கலந்தால் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது, இட்லி பஞ்சாகத்தான் வரும். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் கடைகளும் உண்டு. கையால் தொட்டுப் பாருங்கள்: குளிர்பெட்டியின் மேல்தட்டில் இருக்கும் பாக்கெட் சில்லென்று இல்லாமல், பலூன்போல உப்பியிருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

புகார் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யுங்கள், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம் அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் எடுக்கும் மாதிரி ஆய்வகத்தில் கிடைத்த நாளிலிருந்து அறிக்கை தருவதற்குச் சட்டமே 14 நாள் கொடுத்திருக்கிறது. மாவின் ஆயுள் மூன்று நாள். கடைக்காரர்கள் இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாகப் போடுவார்கள். திருவிழாவுக்கு முன்னால் இரண்டு நாள் படம் பிடித்துக்கொண்டு சோதனை நடத்துவதற்குப் பதிலாக, மாதம் ஒருமுறை மாவு வண்டியை நிறுத்தித் தேதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பார்ப்பதில்லை.

வீட்டு மாவு புளிக்காமல் இருக்க ஒரு சிறிய மாற்றம் செய்தால் போதும். கிரைண்டரில் ஊற்றும் தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். கல் சூடேறினால் மாவும் சூடாகி அப்போதே புளிக்கத் தொடங்கிவிடும். அரைத்து முடித்ததும் மாவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கை வெளியே வையுங்கள். குளிர்காலத்தில் பன்னிரண்டு மணி நேரம் எடுப்பது இப்போது ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். இன்னொரு பங்கைப் புளிக்கவிடாமல் அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். எல்லோரும் முழு மாவையும் பொங்கவிட்டுப் பிறகு உள்ளே வைக்கிறார்கள். பொங்கிய மாவு ஃப்ரிட்ஜிலும் மெல்லப் புளித்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டாம் பங்கு தேவைப்படும் நாளுக்கு முந்தைய இரவு, படுக்கப்போகும்போது வெளியே எடுத்து வையுங்கள். காலையில் பொங்கியிருக்கும், கிளம்பும் முன் உள்ளே வைத்துவிட்டால் இரவு இட்லிக்குப் புது மாவு. காலையில் வெளியே எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள், மாலையில் மேடையைத் துடைக்க வேண்டியிருக்கும்.

இட்லி இல்லாத நாட்களுக்கு அரிசி உப்புமா இருக்கிறது. இப்போது பலர் மறந்தேபோய்விட்டார்கள். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, அரை தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம் சேர்த்து ரவையாக உடைத்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் குக்கரிலேயே தாளித்து, டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி மூடினால் இரண்டு விசில். காலையில் செய்த கத்திரிக்காய் கொத்சு இருந்தால் தட்டு காலியாகும். சம்பா கோதுமை ரவையுடன் ஒரு பிடி பாசிப்பருப்பும், பீர்க்கங்காய் அல்லது சுரைக்காயும் போட்டுக் குழைய வைப்பது இன்னொன்று. நீர்க்காய்கள் மலிவாக வரும் நேரம் இது. ஒரு நாள் தயிர்ச் சாதம். சூட்டிலேயே சோற்றைக் குழைத்துப் பால் ஊற்றி, ஆறிய பிறகு தயிர் சேர்த்து, வெள்ளரியும் மாங்காய்த் துருவலும் போடுங்கள். மாவடு கிடைத்தால் பிள்ளைகள் வேறு எதுவும் கேட்கமாட்டார்கள். இத்தனை போதும். வாரத்தில் இரண்டு நாள் ஒன்றே திரும்பி வந்தால் யாரும் குறைந்துபோகமாட்டார்கள்.

மாமனாருக்குத் தனிச் சமையல் தேவையில்லை, நேரம்தான் முக்கியம். சில சர்க்கரை மாத்திரைகள் சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொள்பவை. வெயிலில் பசி மந்தப்படும். மாத்திரையைப் போட்டுவிட்டு மோரோடு படுத்துவிடுவார், நள்ளிரவில் சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கும். நீங்கள் வருவதற்கு முன்பே அவர் சாப்பிடும்படி ஏற்பாடு செய்யுங்கள். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது பிறகு இருக்கட்டும். கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் சர்க்கரையை ஏற்றாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு சொம்பு குடித்தால் ஏற்றத்தான் செய்யும். ‘சிறுதானிய தோசை மிக்ஸ்’ வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும். முதல் பெயர் அரிசி மாவு என்றிருந்தால், சிறுதானியத்தின் விலையில் அரிசியை வாங்குகிறீர்கள் என்று பொருள்.

கடைசியாக மீன். புளி தூக்கலாக, தேங்காய் இல்லாமல் வைத்த மீன் குழம்பு ஞாயிறு இரவு ஆறி ஃப்ரிட்ஜுக்குப் போய்த் திங்கள் இரவு வந்தால் ருசி கூடும். சோறு மட்டும் வைத்தால் போதும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும், அவை கொண்டுவருவது கரையிலேயே விற்றுத் தீர்ந்துவிடும். அந்த நாட்களில் திருச்சிச் சந்தையில் ‘நேற்று இரவு பிடித்தது, நாகப்பட்டினம்’ என்று வஞ்சிரத்தைக் காட்டினால், அது பல நாள் பனிக்கட்டியில் கிடந்து எங்கிருந்தோ வந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தரகர் விலையை மட்டும் புது மீன் விலையாகச் சொல்வார். செவுளைத் தூக்கிப் பாருங்கள்: பழுப்பேறியிருந்தாலோ, விரலால் அழுத்திய குழி அப்படியே நின்றாலோ வேண்டாம். அந்த இரண்டு மாதமும் கட்லா, ரோகு, ஜிலேபி என்று குளத்து மீன், அணை மீன் வாங்குங்கள். உயிரோடு விற்கும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. அதுவும் பிடிக்காவிட்டால், கையில் ஈரம் ஒட்டாத, முறித்தால் உடைகிற நெத்திலிக் கருவாடாகப் பார்த்து வாங்கி, முருங்கைக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வையுங்கள். உப்பைக் கடைசியில் பார்த்துச் சேருங்கள். மாமனாருக்கு இரத்த அழுத்தமும் இருந்தால் அவருக்கு அன்று ரசம்.