இறைவணக்கம் பாடியவர் மூன்றாவது கூட்டத்துக்கு வந்தாரா?

அன்புள்ள ஐயா,

நான் கோண்டாவிலைச் சேர்ந்தவன். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். சிறுவயதில் வயலின் கற்றிருக்கிறேன். இசைக் கலைஞர்கள், கணினித் துறையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகிய மூன்று தரப்பினரையும் தொழில்முறையில் ஒன்றிணைக்கும் அமைப்பொன்றை யாழ்ப்பாணத்தில் தொடங்க நண்பர்களுடன் சேர்ந்து முயன்று வருகிறேன். வட்ஸ்அப் குழுவில் 180 பேர் இருக்கிறார்கள். முதல் ஒன்றுகூடலுக்கு 60 பேர் வந்தார்கள். விழிப்புலனற்ற கலைஞர் ஒருவர் இறைவணக்கம் பாடினார். அவருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவித்தோம். மூன்றாவது கூட்டத்துக்கு வந்தவர்கள் 9 பேர்தான். சங்கீத ஆசிரியர்கள் தொழில்நுட்பத்துக்கு அஞ்சுகிறார்கள் என்று நினைக்கிறேன். அமைப்பைப் பதிவுசெய்து சந்தா அறவிட்டால் ஒரு பிடிப்பு ஏற்படுமா? செயற்கை நுண்ணறிவு இசையைக் கையிலெடுத்துவரும் காலத்தில் இப்படியான அமைப்புக்கு இடம் உண்டா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)
கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

உங்களுடைய கேள்விகளில் பலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் இறைவணக்கத்தையும் பொன்னாடையையும் பற்றி நீங்கள் எழுதிய வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சில காலமாக நான் மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் விஷயம் அதுதான். நமது மண்டபங்களில் மங்கல விளக்கு ஏற்றி முடிந்ததும் விழிப்புலனற்ற ஒருவரைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வருகிறார்கள். அவர் தேவாரம் பாடுகிறார், சபை உருகுகிறது, பொன்னாடை தோளில் ஏறுகிறது, படம் எடுக்கப்படுகிறது. பிறகு அவரை முன்வரிசையின் ஓரத்தில் இருத்திவிட்டு, அவருக்கு என்ன தேவை என்பதைப் பற்றி மற்றவர்கள் உரையாற்றத் தொடங்குகிறார்கள். அவர் முறையாகச் சங்கீதம் கற்றுத் தேறியவராக இருக்கலாம்; நாள் முழுவதும் கைத்தொலைபேசியைத் திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானின் துணையோடு காதால் இயக்குபவராகவும் இருக்கலாம். அப்படியானால் உங்கள் மண்டபத்தில் அன்று கூடியிருந்த 60 பேரில் இசை, தொழில்நுட்பம், ஒதுக்கப்படுதல் ஆகிய மூன்றையும் அனுபவத்தால் அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் நீங்கள் கேட்டது ஒரு பாட்டு மட்டும். மூன்றாவது கூட்டத்துக்கு அவர் வந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். எதற்காக வர வேண்டும்?

சங்கீத ஆசிரியர்கள் தொழில்நுட்பத்துக்கு அஞ்சுகிறார்கள் என்பது வீண் கதை. சுருதிப்பெட்டியை மூலையில் வைத்துவிட்டுக் கைத்தொலைபேசித் தம்பூராவில் பாடம் நடத்தாத ஆசிரியரை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் சூம் வழியாக லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் வகுப்பெடுத்தவர்கள் அவர்கள். உங்கள் கூட்டத்தில் அவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை, அதனால் வரவில்லை. செயற்கை நுண்ணறிவு பற்றிய கேள்வியை உங்கள் 180 பேரும் ஏற்கெனவே வட்ஸ்அப்பில் விவாதித்துக் களைத்திருப்பார்கள். நானும் சேர வேண்டியதில்லை.

தொழில்முறை அமைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நமது மண்ணில் அப்படி நிலைத்தவை எவை என்று யோசித்துப் பார்த்தீர்களா? வட இலங்கைச் சங்கீத சபை 1931 இல் தோன்றியது. அது இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம், ஒரு பாடத்திட்டமும் அதற்கொரு பரீட்சையும் அதற்கொரு சான்றிதழும் அதனிடம் இருந்தமைதான்; ஆசிரியரும் பிள்ளையும் பெற்றாரும் அந்தப் பரீட்சையைச் சுற்றிக் கூடினார்கள். இணுவிலிலும் அளவெட்டியிலும் நாதஸ்வர, தவில் வித்துவான்கள் எந்தச் சபையும் இல்லாமலே தொழில்முறைச் சமூகமாக வாழ்ந்தார்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933-1975) தமிழகத்து மேடைகளையும் வியக்கவைத்த தவிற்காரராக உருவானது அந்தச் சூழலில்தான். கோயில் வீதியில் விடியவிடிய நடக்கும் சமாவில் ஒருவரை ஒருவர் அளந்துபார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். நீங்கள் அனுப்பிய உறுப்பினர் பட்டியலில் பாட்டுக்காரர் இருக்கிறார்கள், கீபோர்ட் வாசிப்பவர் இருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து இணைந்தவர்களும் இருக்கிறார்கள்; நாதஸ்வரக்காரர் ஒருவரையும் தவிற்காரர் ஒருவரையும் நான் காணவில்லை. இசையை மட்டுமே நம்பி உலை வைக்கும் குடும்பங்களை விட்டுவிட்டு அமைக்கும் இசைத் தொழிலாளர் அமைப்பு எப்படிப்பட்டது? அவர்கள் விடுபட்டதற்கு மறதி மட்டும் காரணமல்ல என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதியைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, எல்லோரையும் அரவணைக்கிறோம் என்று பதாகை கட்டுவதில் பயனில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மின்சாரம் நின்றுபோய், பற்றரிக்கும் தடை இருந்த நாட்களில், எங்கள் ஒழுங்கையில் விழிப்புலனற்ற பையன் ஒருவன் வயலின் கற்றுக்கொண்டிருந்தான். அவனுடைய ஆசிரியர் இடம்பெயர்ந்து போகும்போது, தான் வாசித்த வர்ணங்கள் என்ற பயிற்சி உருப்படிகளை ஒரு கசெற்றில் பதிந்து கொடுத்துவிட்டுப் போனார். ரேப் ரெக்கோடர் இருந்தது. ஓட்டுவதற்கு மின்சாரம் இல்லை. அக்காலத்தில் ஊர் முழுவதும் செய்ததைப் போல நாங்களும் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின் சில்லில் டைனமோவைப் பொருத்தி, ஒருவர் மாறி ஒருவர் உழக்கினோம். செய்தி கேட்பதற்கு அது போதும். வர்ணம் கேட்பதற்குப் போதாது. கால் தளர்ந்தால் சுருதி இறங்கும், வேகம் கூடினால் சுருதி ஏறும். "அண்ணை, சட்சம் இறங்குது, உழக்குங்கோ" என்று அவன் கத்துவான்.

சந்தியில் இருந்த சைக்கிள் கடைக்காரர் ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம் என்பதும், ரெக்கோடர் கேட்பது 6 வோல்ற் நேரோட்டம் என்பதும் தெரியும். டயோட்டுகளையும் பழைய வானொலியிலிருந்து கழற்றிய கொண்டென்சர்களையும் கொண்டு ஏதோ ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். பையன் கேட்டுவிட்டு, பின்னால் ஒரு இரைச்சல் மந்தர பஞ்சமத்தில் நிற்கிறது என்றான். கடைக்காரருக்குப் பஞ்சமம் எதுவென்று விளங்கவில்லை. பையன் வயலினில் அந்தச் சுரத்தை இழுத்துக் காட்டினான். அவர் இன்னொரு கொண்டென்சரை மாற்றினார். இப்படியே பல மாலைகள் போயின. கடைசியில், உழக்குபவரின் கால் சற்றுத் தளர்ந்தாலும் சுருதி அசையாத ஒரு நிலைக்கு அது வந்தது. அதன் பிறகு அதே அமைப்பைக் கடைக்காரர் ஊரில் பலருடைய வானொலிக்குச் செய்துகொடுத்துக் காசும் வாங்கினார். பையனுடைய சைக்கிளுக்கு ஒட்டுப்போடுவதற்கு மட்டும் கடைசிவரை காசு வாங்கவில்லை. ஒட்டு ஒன்றும் தர்மத்துக்குப் போட்டதல்ல, காது பார்த்த கூலி என்று அவரே சொல்வார்.

நீங்கள் மூன்று தரப்பு என்று எழுதுகிறீர்களே, அந்த மூன்று தரப்பும் அந்தக் கடை வாசலில் இருந்தன. பையனுடைய காது இல்லாமல் அந்தக் கருவி சரிவந்திராது. உங்களுக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல் 1976 இல் அச்செழுத்தை வாசித்துக் காட்டும் இயந்திரத்தை வெளியிட்டபோது அதை முதலில் வாங்கியவர்களில் ஒருவர் விழிப்புலனற்ற இசைக் கலைஞர் ஸ்டீவி வொண்டர். பியானோ போன்ற வாத்தியங்களின் உண்மையான நாதத்தைக் கணினியின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடியாதா என்று பின்னர் அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் 1984 இல் கர்ஸ்வைல் 250 என்ற கீபோர்ட் வந்தது. பார்வையுள்ள எத்தனையோ பேர் அதை வாசித்தார்கள். விழிப்புலனற்ற வாடிக்கையாளர் ஒருவரின் அதிருப்தியில் பிறந்த வாத்தியம் அது. உங்கள் கூட்டத்தில் அதிருப்தியைச் சொல்வதற்கு இறைவணக்கம் பாடியவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்ததா?

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இன்று ஒரு விழிப்புலனற்ற பிள்ளை சங்கீதம் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரதாளக் குறிப்புப் புத்தகத்தை யாரோ கணினியில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். திரையில் அது தமிழ். கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் குவியல். 'தமிழ்' என்ற சொல்லைத் திரைவாசிப்பானிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டால் அது 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்று சொல்லும். இதை யூனிகோடுக்கு மாற்றுவது சில நிமிட வேலை. அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் யூனிகோடில் இருந்தாலும் சிக்கல் தீராது. 'ஸ ரி க ம | ப த | நி ஸ ||' என்ற வரியின் கடைசி ஸ மேல் ஸ்தாயி. புத்தகத்தில் அதன் தலையில் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியைப் பல புத்தகங்களில் கையால் வரைந்தோ படமாக ஒட்டியோ விடுகிறார்கள்; திரைவாசிப்பானுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. இரண்டாம் காலத்துக்கு எழுத்துகளின் மேல் இழுக்கும் கோடும் அதற்குத் தெரியாது. கார்வைக்கு, அதாவது சுரத்தை நீட்டுவதற்கு, இடும் காற்புள்ளியை என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தன் இயல்பான அமைப்பில் உச்சரிப்பதில்லை. எல்லாக் குறிகளையும் சொல்லும்படி அமைப்பை மாற்றினால், சுரத்தைவிடக் குறிகளின் பெயர்களே அதிகமாகக் கேட்கும், தாளம் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். தொடக்கப் பாடமான சரளி வரிசையில் ஊகித்துக்கொள்ளலாம். வர்ணத்தில் எதை ஊகிப்பது?

கர்நாடக சங்கீதம் கேள்வி ஞானத்தால் வளர்வது, விழிப்புலனற்றவர்களுக்கு நினைவாற்றல் அதிகம், அவர்களுக்குக் குறிப்பு எதற்கு என்று உங்கள் குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அவருடைய சொந்தப் பிள்ளை வகுப்புக்குப் போகும்போது பையில் புத்தகம் இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். பார்வையுள்ள பிள்ளைக்குப் புத்தகமும் பார்வையற்ற பிள்ளைக்கு ஞானமும் என்று பங்கிடுவதைப் புகழ்ச்சி என்று நினைத்து அவர்கள் ஏற்க வேண்டுமா? லூயி பிரெய்ல் தானே ஓர் ஓர்கன் வாத்தியக்காரர். 1829 இல் வெளியிட்ட தனது முதல் நூலிலேயே எழுத்தோடு இசைக்கும் வழி காட்டினார். இன்றைய பிரெய்ல் இசைக்குறியீட்டில் ஒரு கட்டத்தின் மேல் நான்கு புள்ளிகள் சுரத்தையும் கீழ் இரண்டு புள்ளிகள் அதன் நீளத்தையும் சொல்கின்றன. அது ஐரோப்பிய இசைக்காக வகுக்கப்பட்டது. நமது தாளத்துக்கும் கமகத்துக்கும் அது அப்படியே பொருந்தாது. என் ஒழுங்கைப் பையன் தடித்த கடதாசியில் எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்தி எழுதிய குறிகள் அவனாகவே கண்டுபிடித்தவை. அவற்றை அவனைத் தவிர வேறு யாராலும் வாசிக்க முடியவில்லை.

ஆகவே ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்தாயி, காலம், கார்வை, தாளத்தின் அங்கம் ஆகியவற்றைத் திரைவாசிப்பான் குழப்பமின்றிச் சொல்லக்கூடியதாகவும் பிரெய்லுக்கு மாற்றக்கூடியதாகவும் தட்டச்சு செய்யும் முறை ஒன்றை வகுத்து, சரளி வரிசையிலிருந்து கீதம் வரையிலான ஒரு புத்தகத்தை அந்த முறையில் முடியுங்கள். உரிமைப் பிரச்சினை வரும் என்று பயப்படாதீர்கள். வரிசைகள் புரந்தரதாசரின் பெயரில் வழங்குபவை, அவர் மறைந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. எதைக் கோடால் காட்டுவது, எதைச் சொல்லால் காட்டுவது என்று தீர்மானிக்கப் பாட்டாசிரியர் வேண்டும். தாளக் கணக்குக்கு இணுவிலில் இருந்து ஒரு தவில் வித்துவான் வேண்டும். நிரலெழுத நீங்கள் இருக்கிறீர்கள். இறைவணக்கம் பாடியவரைத் தேடிப்போய் இந்த வேலைக்குத் தலைமை ஏற்கும்படி கேளுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுங்கள். அது தட்டச்சு செய்பவரின் கூலிக்குக் குறையக்கூடாது. என்விடிஏயை 2006 இல் தொடங்கிய மைக்கேல் கரனும் அவரோடு இணைந்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்கள். பயன்பெறுபவர் என்று ஒரு நாற்காலியில் இருத்திவைத்திருந்தால் அவர்கள் அதைச் செய்திருக்க முடியாது.

மண்டபத்தை மாற்றுங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் மேடைக்கு ஏறும் படிகளை எண்ணிப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் வந்தவரைக் கீழேயே நிறுத்தி மாலை போட்டிருக்கிறீர்கள். மேடை இல்லாத ஒரு வகுப்பறை உங்கள் வேலைக்குப் போதும்.

பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரதேச செயலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். சந்தா இப்போது வேண்டாம். ஆனால் முதல் பத்துப் பக்கங்களுக்கான கூலிக்கு என் பங்கை அனுப்புகிறேன், வங்கி விவரத்தை எழுதுங்கள்.

அன்புடன்.