சைட்டேஷன் எண்ணைப் பார்த்து மகளைச் சேர்க்காதீர்கள்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார்கள். மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருடம். மூலக்கூறு உயிரியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. அப்பா செல்போனை நீட்டினார். ஒரு தனியார் பல்கலைக்கழகப் பேராசிரியரின் கூகுள் ஸ்காலர் பக்கம். பல ஆயிரம் சைட்டேஷன், அதாவது அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் அத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. "இவர்கிட்ட சேர்த்தா போதும்னு மச்சான் சொல்றாரு. ஃபீஸுக்கு அவ அம்மா நகையை வைக்கலாம்னு இருக்கோம்."

ஐயா, உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் அந்த நகையை வைக்காதீர்கள்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று மச்சானுக்கும் சொல்லுங்கள். சைட்டேஷனை வைத்து அதே பக்கத்தில் போடும் எச்-இண்டெக்ஸ் 40 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 40 இருக்கின்றன என்று அர்த்தம். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு அது. சோதனையைச் செய்தது யார், மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரியாது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினாலும் எண் ஏறும். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்காமல், மற்றவர்கள் கண்டதைத் தொகுத்து எழுதும் கட்டுரைக்கும் நிறைய விழும். அறிவியலிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டதாகச் சொல்லப்படும் கட்டுரை, 1951-ல் லோரி குழு எழுதியது. புரதத்தை அளக்கும் ஒரு செய்முறை, அவ்வளவுதான். 3 லட்சம் தடவைக்கு மேல் காட்டப்பட்டிருக்கிறது.

பார்க்க வேண்டியது பெயர் வரிசை. இந்தத் துறையில் பெரும்பாலும் கையால் வேலை செய்தவர் பெயர் முதலில், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியில். கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளைப் பப்மெட் என்ற உயிரியல், மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தேடி, முதல் பெயர் அவருடைய மாணவர்களா, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாப்பாவே பார்க்கட்டும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இருந்தால் அங்கேயே குறித்திருக்கும்.

அப்புறம் பாப்பாவிடம், எதில் உனக்கு ஆசை என்று கேட்டேன். அதுவரை பேசாதவள் போனைத் திறந்து ஒரு படம் காட்டினாள். பிளாஸ்டிக் டிரம்மில் இரண்டு வரிசை நாற்று, ஒன்று சி.ஆர். 1009 என்ற நெல், இன்னொன்று அதிலேயே சப்1ஏ மரபணு சேர்ந்த சப்-1 ரகம். பத்து நாள் தண்ணீருக்குள் வைத்து எடுத்திருக்கிறாள். முதல் வரிசை சாய்ந்து அழுகிக் கிடக்கிறது, இரண்டாவதில் குருத்து வருகிறது. சாதாரண நெல் மூழ்கினால் மேலே வர உயர உயர வளர்ந்து, சேமித்து வைத்த சத்தைக் காலி செய்துவிடும். சப்1ஏ மரபணு இருந்தால் வளர்ச்சியை நிறுத்தி, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா மூழ்கிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு எதில் ஆசை வரும்? அந்த மரபணு எந்தக் குரோமோசோமில் என்று 1996-ல் தெரிந்தது; எந்த மரபணு என்ற கட்டுரை 2006-ல்தான் நேச்சர் ஆய்விதழில் வந்தது. நடுவில் பத்து வருடம். இந்தப் பொறுமை வருடத்துக்கு எத்தனை கட்டுரை என்ற கணக்கில் வராது.

சரி, வழி என்ன? உங்கள் சொந்தத்தில் யாரும் பேசாத சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் ஜே.ஆர்.எஃப். தேர்வு; ஆய்வு செய்ய மாத உதவித்தொகை தரும் தேசியத் தேர்வு அது. உயிர் அறிவியல் தாள் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். கடைசி வருடத்திலேயே எழுதலாம். ஏ பகுதி யோசித்து விடை காணும் தர்க்கமும் கணக்கும், பி பாடம். சி பகுதியில் 25 கேள்விக்கு நாலு நாலு மதிப்பெண், அதாவது பாதித் தாள். சோதனை முடிவைக் கொடுத்து, சரியான விளக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். டிரம்மில் நாற்று மூழ்கடித்தவளுக்கு அது வரும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வாடகைப் படி தனி. பணத்தோடு வரும் மாணவியை அரசு ஆய்வகங்கள் தேடும். வழிகாட்டியை அவளே தேர்ந்தெடுக்கலாம்.

முதல் தடவை கிடைக்காமல் போகலாம். அந்த இடைவெளியில் நெல் ஆய்வு நடக்கும் ஏதாவது ஆய்வகத்தில் புராஜெக்ட் அசோசியேட்டாகச் சம்பளத்துக்குச் சேரட்டும். ஆடுதுறை, கோயம்புத்தூர் என்று விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு வருடம் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனை வைத்துப் பழகினால், பிஎச்.டி. தனக்கு ஆகுமா என்பதும் அவளுக்கே தெரிந்துவிடும்.

கட்டணம் கட்டிப் பிஎச்.டி. வேண்டாம், யார் சொன்னாலும். அடுத்த தடவை வரும்போது நகைச் சீட்டை அல்ல, பாப்பா படித்துப் பிடித்துப்போன ஐந்து கட்டுரைகளைக் கொண்டுவாருங்கள். முதல் பெயர்களை மூன்று பேருமாக உட்கார்ந்து பார்ப்போம்.