சாவிச்சொல் திரும்பி வரும் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எல்லா எழுத்தையும் ஒரே அளவு நகர்த்தி மறைக்கும் சீசர் முறையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நானும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளும் சில ரகசியச் செய்திகளை அவிழ்த்துப் பார்த்தோம். அதிகம் வரும் எழுத்துதான் ஆங்கிலத்தின் ஈ என்று பிடித்துவிட்டால் மீதி வந்துவிடுகிறது. ஆனால் பிரெஞ்சுக்காரர் விஜெனேர் கண்டுபிடித்த சாவிச்சொல் முறையில் இந்த வழி எடுபடவில்லை. ஒரே எழுத்து இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. சாவிச்சொல் தெரியாமல் இதை உடைக்கவே முடியாதா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். காகிதமும் பென்சிலும் போதும், பொறுமைதான் கொஞ்சம் அதிகம் வேண்டும்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாவிச்சொல்லை வைத்து எழுத்துக்கு எழுத்து வரிசையை மாற்றும் யோசனையை 1553-லேயே அச்சில் கொண்டுவந்தவர் ஜோவன் பட்டிஸ்டா பெல்லாசோ என்ற இத்தாலியர். விஜெனேரின் புத்தகம் வந்தது 1586-ல். அதில் அவர் சொந்தமாகச் சொன்னது இதைவிடக் கடினமான வேறொரு முறை. பெயர் மட்டும் எப்படியோ இதில் ஒட்டிக்கொண்டது. பெல்லாசோவுக்கு உரிய மரியாதை போய்ச் சேரவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம். ‘எதிரி தென்பட்டான்’ என்பதை ஆங்கிலத்தில் ‘எனிமி சீன்’ என்று எழுதுவோம், ஒன்பது எழுத்து. சாவி ‘சன்’. ஏ பூஜ்யம், பி ஒன்று என்று எண்ணிக்கொண்டே போனால் எஸ் 18, யூ 20, என் 13. செய்திக்குக் கீழே சன், சன், சன் என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் அதன் கீழுள்ள எண் அளவுக்கு முன்னே நகர்த்த வேண்டும். இசட்டைத் தாண்டினால் மறுபடி ஏ. கிடைப்பது: டபிள்யூ, ஹெச், ஆர், ஈ, எஸ், எஃப், டபிள்யூ, ஒய், ஏ.

மூலத்தில் ஈ நான்கு முறை வருகிறது. இங்கே அது டபிள்யூ, ஆர், டபிள்யூ, ஒய் ஆகிவிட்டது. உங்கள் மகள் திணறியது இதனால்தான். ஆனால் முதல் இடத்து ஈயும் ஏழாம் இடத்து ஈயும் ஒரே எழுத்தாக மாறியிருப்பதைக் கவனித்தீர்களா? இடைவெளி ஆறு. சாவியின் நீளம் மூன்று. சாவி இரண்டு சுற்று முடித்துத் திரும்ப அதே இடத்துக்கு வந்துவிட்டது.

பிரஷ்யக் காலாட்படை அதிகாரியாக இருந்த ஃபிரெட்ரிக் கசிஸ்கி 1863-ல் அச்சிட்ட வழி இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. ரகசியச் செய்தியில் மூன்று நான்கு எழுத்து சேர்ந்தாற்போல் மறுபடி வரும் இடங்களைத் தேடி, இடைவெளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 24, 39, 60 என்று வந்தால் எல்லாம் மூன்றால் வகுபடும், ஆக சாவி மூன்றெழுத்தாக இருக்கலாம். தற்செயலாக வந்த ஒன்றிரண்டு உதைக்கும், அவற்றை ஒதுக்கிவிடலாம். அப்புறம் செய்தியை வரிக்கு மூன்றெழுத்தாக, மேலிருந்து கீழாக மூன்று பத்தி வருகிற மாதிரி எழுதுங்கள். ஒரு பத்தி முழுக்க ஒரே நகர்வு, அதாவது நீங்கள் ஏற்கெனவே உடைத்த சீசர். முதல் பத்தியில் டபிள்யூ அதிகம் என்றால் அதை ஈ என்று வைத்துப் பாருங்கள்: டபிள்யூவின் 22-இல் ஈயின் 4 போனால் 18, எஸ். சாவியின் முதல் எழுத்து கையில். இங்கிலாந்தில் கணித அறிஞர் சார்ல்ஸ் பாபேஜ் 1850-களிலேயே இதை உடைத்திருந்தார், ஆனால் வெளியிடவில்லை.

அதே 1863, ஜூலை 4. அமெரிக்க உள்நாட்டுப் போரில் முற்றுகையில் இருந்த விக்ஸ்பர்க் நகரின் தெற்குத் தரப்புத் தளபதி பெம்பர்டனுக்கு, சிறு கண்ணாடிப் புட்டியில் இதே முறையில் எழுதிய ஒரு செய்தி. பிடிபட்டால் ஆற்றில் மூழ்கட்டும் என்று உள்ளே ஒரு தோட்டா. அன்றைக்கே நகரம் சரணடைந்துவிட்டது, செய்தி போய்ச் சேரவில்லை. பின்னர் அருங்காட்சியகத்துக்குப் போன அந்தப் புட்டியைத் திறந்து படித்த விவரம் 2010-ல்தான் வெளியானது. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து உதவியை எதிர்பார்க்க வேண்டாம் என்றிருந்தது. சாவி ‘மான்செஸ்டர் பிளஃப்’, 15 எழுத்து. தெற்குத் தரப்பினர் பயன்படுத்திய ‘கம்ப்ளீட் விக்டரி’, ‘கம் ரெட்ரிப்யூஷன்’ இரண்டும் எண்ணிப் பார்த்தால் அதே 15. போதாததற்கு, பல செய்திகளில் முக்கியமான சொற்களை மட்டும் மறைத்து, மீதியை அப்படியே எழுதிவிடுவார்கள். எதிரிக்கு வேறென்ன உதவி வேண்டும்?

ஒன்பது எழுத்துச் செய்தியில் கசிஸ்கியின் வழி நடக்காது. மகளுக்கு ஓர் ஆங்கிலப் பாடப் பக்கத்தை, ஐந்நூறு அறுநூறு எழுத்து வருகிற மாதிரி, மூன்றெழுத்துச் சாவி போட்டு மாற்றிக் கொடுங்கள். சொற்களுக்கு இடையே இடம் விடாதீர்கள். கட்டம் போட்ட நோட்டு இருந்தால் பத்தி பிரிக்கச் சுலபம். அவள் எவ்வளவு கெஞ்சினாலும் சாவியை மட்டும் சொல்லாதீர்கள்.